இரைச்சலுக்குள் எஞ்சின் தட்டல்



மண்பானை வாங்கும்போது சுண்டிப் பார்க்கிறோம். தேங்காயைக் காதருகில் வைத்துத் தட்டிப் பார்க்கிறோம். உள்ளே இருப்பதைக் கண்ணால் காண முடியாவிட்டாலும், ஓசை காட்டிக் கொடுத்துவிடும் என்பது நம் முன்னோர் கண்ட அனுபவ உண்மை. கார்ப் பட்டறைகளில் வேலை செய்வோரும் இதே வழியைத்தான் பின்பற்றுகிறார்கள். நீண்ட திருப்புளியின் நுனியை எஞ்சின்மீது வைத்து, பிடியைக் காதோடு ஒட்டிக் கேட்டு, எந்த இடத்தில் கோளாறு என்று சொல்லிவிடும் கைதேர்ந்த மெக்கானிக்குகள் கரங்கானிலும் உண்டு. கூலிம், சுங்கைப் பட்டாணி ஆகிய ஊர்களிலும் உண்டு.

ஆனால் எஞ்சினுக்கு வரும் ஒரு நோய் இருக்கிறது. அது மெதுவாக ஓடும் எஞ்சினில் வந்தால் காதுக்குக் கேட்கும். வேகமாக ஓடும், டர்போ பூட்டிய எஞ்சினில் வந்தால் பெரும்பாலும் கேட்பதே இல்லை. கேட்காத இடத்தில்தான் அது அதிகமாகக் கெடுதல் செய்கிறது. பட்டறையில் அதை ‘நாக்கிங்’ என்பார்கள். தமிழில் எஞ்சின் தட்டல் என்று சொல்லலாம். பேரிரைச்சலுக்கு நடுவே இந்தத் தட்டலை எவ்வாறு கண்டுபிடிக்கிறார்கள் என்பதே இன்றைய உரையின் பொருள்.

முதலில் தட்டல் என்றால் என்ன என்று பார்ப்போம். பெட்ரோல் எஞ்சினின் சிலிண்டருக்குள் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்து நிற்கின்றன. பிஸ்டன் மேலே வந்து அந்தக் கலவையை அழுத்துகிறது. பிளக் ஒரு பொறியைத் தருகிறது. அந்தப் பொறியிலிருந்து தீ கிளம்பி, வறண்ட லாலானில் தீ பரவுவது போல, ஒரு முனையிலிருந்து மறுமுனைக்கு வரிசையாகப் பரவிச் செல்கிறது. அப்போது அழுத்தம் சீராக ஏறிப் பிஸ்டனைக் கீழே தள்ளுகிறது. இது ஒழுங்கான எரிப்பு.

தீ இன்னும் போய்ச் சேராத ஓரத்தில் கொஞ்சம் கலவை காத்துக்கொண்டிருக்கும். முன்னே எரிந்த வாயு விரிந்து அதை நெருக்குகிறது. அதன் வெப்பம் ஏறுகிறது. வெப்பம் எல்லை மீறினால், தீ வந்து தொடுவதற்குள் அந்தக் கலவை தானாகவே ஒரே நொடிப்பில் வெடித்துவிடும். உள்ளே ஒரு அதிர்வலை எழுந்து சுவருக்குச் சுவர் மோதுகிறது. வெளியே ‘டிக் டிக்’ என்று, சிறு சுத்தியலால் இரும்பில் தட்டுவது போன்ற ஓசை கேட்கிறது. அதுதான் தட்டல்.

ஓசை சிறியது, ஆனால் விளைவு பெரியது. சிலிண்டர்ச் சுவரையும் பிஸ்டன் தலையையும் ஒட்டி மெல்லிய குளிர்ந்த வாயுப் படலம் ஒன்று எப்போதும் இருக்கும். அலுமினியப் பிஸ்டன் உருகாமல் இருப்பதற்கு அந்தப் படலமும் ஒரு காரணம். தட்டலின் அதிர்வலை அதைக் கலைத்துவிடுகிறது. பிறகு வெப்பம் நேராக உலோகத்தில் இறங்குகிறது. பிஸ்டனின் விளிம்பு மணல் அடித்தாற்போல் அரிக்கப்படும். வளையம் அமரும் வரம்பு உடையும். கடைசியில் பிஸ்டனில் ஓட்டையே விழலாம்.

சரி, டர்போ அல்லது சூப்பர்சார்ஜர் உள்ள எஞ்சினில் இது ஏன் அதிகம்? சாதாரண எஞ்சின் தானே காற்றை உறிஞ்சிக்கொள்கிறது. இவ்வகை எஞ்சினுக்கோ காற்றை அழுத்தி ஊட்டுகிறோம். காற்றை அழுத்தினால் சூடேறும். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்ப் சுடுவதை எல்லாரும் தொட்டறிந்திருப்போம். நம் நாட்டுப் பகல் வெப்பத்தில் 30 பாகையில் இருக்கும் காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுவந்தால், அதன் வெப்பம் 100 பாகையைத் தாண்டிவிடும். இன்டர்கூலர் அதைத் தணிக்கிறது. ஆனால் முழுவதும் தணிப்பதில்லை. இப்படி முன்பே சூடேறிய காற்று சிலிண்டருக்குள் போய் மேலும் அழுத்தப்படுகிறது. ஆகவே, ஓரத்துக் கலவை தானாக வெடிக்க வாய்ப்பு மிகுதியாகிறது.

அதே எஞ்சினில் இரைச்சலும் மிகுதி. நான்கு சிலிண்டர் எஞ்சின் நிமிடத்திற்கு 6,000 சுற்றுச் சுற்றும்போது, ஒரு விநாடியில் 200 எரிப்புகள் நடக்கின்றன. அதனுடன் வால்வுகள் படக்கென்று மூடும் ஓசை, பிஸ்டன் சுவரில் உரசும் ஓசை, பெட்ரோலைப் பீய்ச்சும் இன்ஜெக்டரின் ஓசை, டர்போவின் சீழ்க்கை, புகைக்குழாயின் முழக்கம் எல்லாம் சேர்ந்துகொள்கின்றன. இருநூற்றில் ஐந்தாறு எரிப்புகள் தட்டலாக இருந்தால் ஓட்டுநரின் காதுக்கு எப்படித் தெரியும்? தட்டலும் அதிகம், அதை மறைக்கும் சத்தமும் அதிகம். இதுதான் சிக்கல்.

இந்தச் சிக்கல் இன்று நேற்று வந்ததன்று. கெடா மாநிலத்தின் வானத்திலேயே இது முழங்கியிருக்கிறது. 1941ஆம் ஆண்டு டிசம்பர் 8ஆம் நாள் ஜப்பானியர் மலாயாவைத் தாக்கியபோது, அலோர் ஸ்டாரிலும் சுங்கைப் பட்டாணியிலும் பிரிட்டிஷாரின் பிளென்ஹைம் விமானங்கள் நின்றிருந்தன. அவற்றில் இருந்தவை பிரிஸ்டல் மெர்குரி எஞ்சின்கள். ஒவ்வொன்றிலும் ஒன்பது சிலிண்டர். சூப்பர்சார்ஜர் காற்றை அழுத்தி ஊட்டியது. திறன் ஏறத்தாழ 840 குதிரைத்திறன். சுழலும் விசிறியின் பேரொலியில் விமானியின் காதுக்குத் தட்டல் கேட்க வழியே இல்லை. ஆகையால், இத்தனை அழுத்தத்துக்குமேல் காற்றை ஊட்டக்கூடாது என்று எல்லை வகுத்து, அளவியின் முள்ளைப் பார்த்து ஓட்டினார்கள். பெட்ரோலின் தரம் உயர்ந்தபோது அந்த எல்லையும் உயர்ந்தது. 1940இல் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களுக்கு 100 ஆக்டேன் பெட்ரோல் கிடைத்ததும், அவற்றின் மெர்லின் எஞ்சினில் ஊட்டழுத்தத்தைச் சதுர அங்குலத்துக்கு ஏறத்தாழ 6 இராத்தலிலிருந்து 12 இராத்தலுக்கு உயர்த்த முடிந்தது.

ஆக்டேன் என்றோமே, அது பெட்ரோல் தட்டலை எவ்வளவு தாங்கும் என்பதன் அளவு. 1920களில் வகுக்கப்பட்டது. ஐசோ ஆக்டேன் என்னும் நீர்மத்துக்கு 100 என்றும், ஹெப்டேன் என்னும் நீர்மத்துக்கு 0 என்றும் வைத்துக்கொண்டார்கள். 95 பங்கு ஐசோ ஆக்டேனும் 5 பங்கு ஹெப்டேனும் சேர்ந்த கலவை எவ்வளவு தாங்குமோ, அவ்வளவு தாங்கும் பெட்ரோலே ரோன் 95. நம் நாட்டில் 2009இல் ரோன் 92க்குப் பதிலாக வந்து, இன்று பெரும்பாலோர் நிரப்புவது அதுவே. ஆக, எண்ணெய் நிலையத்தில் நாம் பார்க்கும் அந்த எண் பெட்ரோலின் ‘சக்தி’யைக் குறிப்பதன்று, தட்டலைத் தாங்கும் பொறுமையைக் குறிப்பது.

இனி, தட்டலைக் கண்டுபிடிக்கும் கதைக்கு வருவோம். அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் சார்லஸ் ஸ்டார்க் டிரேப்பர் என்ற அறிஞர் இருந்தார். பிற்காலத்தில் மனிதரை நிலவுக்குக் கொண்டுசென்ற அப்பல்லோ கலங்களின் வழிகாட்டும் கருவிகளை உருவாக்கியது அவருடைய ஆய்வுக்கூடமே. அதற்கு வெகு முன்னர், 1930களில், அவர் எஞ்சின் தட்டலை ஆராய்ந்தார். தட்டல் வெறும் ஓசையன்று, அதற்கென்று ஒரு சுரம் உண்டு என்பதை அவருடைய ஆய்வு விளக்கியது.

தோட்டத்தில் பால் எடுத்துப் பழகியவர்களுக்கு இது எளிதில் விளங்கும். ரப்பர்ப் பால் நிறைந்த வாளியைத் தூக்கி நடந்தால், பால் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு அலம்பும் அல்லவா? சிறிய வாளியில் வேகமாக அலம்பும். அகன்ற தொட்டியில் மெதுவாக அலம்பும். தட்டல் ஏற்பட்டதும் சிலிண்டருக்குள் இருக்கும் வாயுவும் இப்படித்தான் பக்கத்துக்குப் பக்கம் அலம்புகிறது. எத்தனை வேகத்தில் என்பதைச் சிலிண்டரின் விட்டமும், அந்தச் சூடான வாயுவில் ஒலி செல்லும் வேகமும் தீர்மானிக்கின்றன. வெளிக்காற்றில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 350 மீட்டர் செல்கிறது. எரிந்த வாயுவிலோ 900 மீட்டருக்கு மேல்.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். அலோர் ஸ்டாரில் நின்ற விமானத்தின் மெர்குரி எஞ்சினில் சிலிண்டரின் விட்டம் 146 மில்லிமீட்டர். அதில் தட்டல் விழுந்தால் விநாடிக்கு ஏறத்தாழ 4,000 அதிர்வு. 2012இல் நம் நாட்டில் வந்த டர்போ பூட்டிய புரோட்டான் பிரேவே காரில் விட்டம் 76 மில்லிமீட்டர், ஏறத்தாழ பாதி. ஆகவே அதிர்வு ஏறத்தாழ இரண்டு மடங்கு, விநாடிக்கு 7,000க்குச் சற்று அதிகம். ஆக, எஞ்சினைத் திறக்காமலேயே, விட்டத்தை மட்டும் அறிந்துகொண்டு, அதன் தட்டல் எந்தச் சுரத்தில் ஒலிக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

இதனால் என்ன பயன்? தைப்பூசத்தன்று சுங்கைப் பட்டாணி முருகன் கோயிலில் எவ்வளவு கூட்டம்! மேளம், உறுமி, ஒலிபெருக்கி, வியாபாரிகளின் கூவல். அதற்கு நடுவே ஒரு குழந்தை அழுதால், மற்றவர் காதில் விழாவிட்டாலும் பெற்ற தாயின் காதில் விழுகிறது. அவள் காது மற்றவர் காதைவிடப் பெரிதா? இல்லை. எந்தக் குரலைக் கேட்க வேண்டும் என்று அவளுக்கு முன்பே தெரியும். எஞ்சினிலும் அதுதான் முதல் உபாயம்: எல்லாச் சத்தத்தையும் கேட்காதே, உனக்குரிய சுரத்தை மட்டும் கேள்.

இதற்கென்று எஞ்சினின் உடலில், சிலிண்டர்களுக்கு அருகே, ஒரு சிறு உணர்கருவியைத் திருகி வைக்கிறார்கள். பட்டறையில் ‘நாக் சென்சார்’ என்று கேட்டு வாங்குவது இதைத்தான். அதனுள்ளே ஒரு படிகம் இருக்கிறது. அழுத்தம் பட்டால் மின்னழுத்தம் தரும் தன்மை அதற்கு உண்டு. அடுப்புப் பற்றவைக்க ‘டிக்’ என்று அழுத்துகிறோமே, அந்தக் கருவியில் பொறி வருவதும் இதே தன்மையால்தான். எஞ்சின் அதிர்ந்தால் படிகம் சிறு மின்குறி அனுப்பும். அந்தக் குறியிலிருந்து, வேண்டிய சுரத்தை மட்டும் மின்வடிகட்டி பிரித்தெடுக்கிறது. 1978இல் அமெரிக்காவின் பியூக் டர்போ கார்களிலும், 1980களின் தொடக்கத்தில் சுவீடனின் ஸாப் டர்போ கார்களிலும் இந்த முறை நடைமுறைக்கு வந்துவிட்டது.

ஆனால் சுரம் மட்டும் போதாது. வால்வு மூடும் ஓசையிலும் அதே சுரத்தின் பங்கு இருக்கக்கூடும். ஆகவே இரண்டாவது உபாயம் நேரம். தட்டல் கண்ட நேரத்தில் வராது. பிஸ்டன் உச்சிக்கு வந்து கீழே இறங்கத் தொடங்கும்போதுதான், அதாவது உச்சியைத் தாண்டி ஏறத்தாழ 60, 70 பாகை திரும்புவதற்குள்தான் வரும். எந்தச் சிலிண்டர் எப்போது எரிகிறது என்பது எஞ்சினின் கணினிக்குத் தெரியும். ஆகவே அந்தச் சிறு நேரத்துக்கு மட்டும் ஜன்னலைத் திறந்து கேட்டுவிட்டு, உடனே மூடிக்கொள்கிறது. 6,000 சுற்றில் அந்த ஜன்னல் திறந்திருப்பது ஒரு விநாடியில் ஐந்நூறில் ஒரு பங்குகூட இல்லை! எந்த ஜன்னலில் தட்டல் விழுந்தது என்பதை வைத்து, எந்தச் சிலிண்டர் குற்றவாளி என்பதையும் சொல்லிவிடுகிறது.

மூன்றாவது உபாயம் ஒப்பீடு. ஒவ்வொரு எஞ்சினுக்கும் தனக்கென்று ஒரு வழக்கமான இரைச்சல் உண்டு. சுற்றும் வேகம் ஏற ஏற அதுவும் ஏறும். ஆகையால் கணினி, ‘இந்த அளவு சத்தம் வந்தால் தட்டல்’ என்று ஒரே கோடு போடுவதில்லை. அந்தச் சிலிண்டர், அந்த வேகத்தில், சற்றுமுன்வரை வழக்கமாக எவ்வளவு ஒலித்தது என்ற சராசரியைக் கணக்கில் வைத்துக்கொள்கிறது. இப்போது கேட்டது அந்தச் சராசரியைவிடப் பல மடங்கு துள்ளினால்தான் தட்டல் என்று தீர்ப்பளிக்கிறது. நல்ல வைத்தியர் நோயாளியின் நாடியை அவருடைய வழக்கமான நாடியோடு ஒப்பிடுவது போன்றது இது.

தட்டல் என்று முடிவானதும் அந்தச் சிலிண்டருக்குப் பொறி தரும் நேரத்தைக் கணினி சில பாகை பின்தள்ளுகிறது. உள்ளே உச்ச அழுத்தம் குறைகிறது, தட்டல் நிற்கிறது. பிறகு சிறிது சிறிதாகப் பழைய நிலைக்குத் திரும்பிப் பார்க்கிறது. தட்டல் தொடர்ந்தால் டர்போவின் அழுத்தத்தையும் குறைத்துவிடுகிறது.

இவ்வளவு இருந்தும் மிகுந்த திறனுள்ள எஞ்சின்களில் தொல்லை தீர்ந்தபாடில்லை. ஏனென்றால், வேகம் உச்சத்தை எட்டும்போது வழக்கமான இரைச்சலே தட்டலின் அளவுக்கு உயர்ந்துவிடுகிறது. அப்போது இரண்டு தவறுகள் நேரலாம். இல்லாத தட்டலை இருப்பதாகக் கேட்டால், வீணாகத் திறன் குறையும். இருக்கும் தட்டலைக் கேளாமல் விட்டால், பிஸ்டன் போகும். ஒன்றைக் குறைக்கப் போனால் மற்றது கூடும். முதல் தவறுக்குக் கொடுக்கும் விலை சிறிது வேகம். இரண்டாவது தவறுக்கு விலை ஓர் எஞ்சின். ஆகவே அறிவுள்ள பொறியாளர் முதல் தவற்றின் பக்கமே சாய்ந்து நிற்பார். ஆய்வுக்கூடங்களில் சிலிண்டருக்குள்ளேயே அழுத்தமானியை வைத்து அளந்து உண்மையைச் சரிபார்ப்பார்கள். பிளக்கின் முனைகளுக்கிடையே பாயும் நுண்ணிய மின்னோட்டத்தை வைத்துத் தட்டலை அறியும் முறையும் உண்டு. ஸாப் நிறுவனம் 1990களில் அதைக் கார்களில் பயன்படுத்தியது.

இப்போது நம் பட்டறைக்கு வருவோம். நேயர்களில் பலர் மெக்கானிக்குகளாக இருப்பீர்கள்; அல்லது உங்கள் வீட்டுப் பிள்ளை சேமித்த பணத்தில் ஒரு பழைய டர்போ கார் வாங்கி வைத்திருப்பான். அவனுக்குச் சில செய்திகள்.

முதலாவது, உணர்கருவியை மாற்றும்போது அது அமரும் இடத்தில் துருவோ சாயமோ இல்லாமல் சுத்தம் செய்ய வேண்டும். நடுவே வாஷர் போடக்கூடாது. கையேட்டில் குறித்த அளவுக்கே முறுக்க வேண்டும். பல கார்களுக்கு அது 20 நியூட்டன் மீட்டர் அளவில் இருக்கும். தளர்வாக இருந்தால் கருவி செவிடாகிவிடும். அளவு மீறி இறுக்கினாலும் அதன் கேள்தன்மை கெடும். எஞ்சினில் தளர்ந்து ஆடும் தகட்டையும் நட்டையும் இறுக்குங்கள். அவற்றின் ஆட்டமும் பொய்த் தட்டலாகக் கேட்கும்.

இரண்டாவது, காதால் கேட்கத்தான் வேண்டுமென்றால் அதற்கும் எளிய கருவி உண்டு. ஒரு சாண் நீளச் செப்புக் குழாயின் ஒரு முனையைத் தட்டையாக்கித் துளையிட்டு எஞ்சின் உடலில் திருகுங்கள். மறுமுனையில் நீண்ட ரப்பர் குழாயை மாட்டி, காதை மூடும் காப்புக்குள் கொண்டுவாருங்கள். மருத்துவரின் குழாயைப் போல எஞ்சினின் உள்ளோசையை அது கொண்டுவரும். பந்தயக் கார் பட்டறைகள் பலவற்றில் இதைப் பயன்படுத்துவதுண்டு. சோதனை மேடையில் கார் நிற்கும்போது இன்னொருவர் கேட்க வேண்டும். சாலையில் காதை மூடிக்கொண்டு ஓட்டுவது ஆபத்து.

மூன்றாவது, பிளக்கைக் கழற்றிப் பாருங்கள். வெள்ளைப் பீங்கானில் மிளகுத்தூள் தூவியது போன்ற கரும்புள்ளிகளோ, மினுமினுக்கும் சிறு அலுமினிய மணிகளோ தெரிந்தால் எச்சரிக்கையாகுங்கள். அந்த அலுமினியம் பிஸ்டனிலிருந்து வந்தது.

நான்காவது, கணினியின் கணக்கை மாற்றி ஊட்டழுத்தத்தைக் கூட்டித் தருகிறோம் என்று சொல்பவர்கள் உண்டு. முறையாகச் செய்பவர்களைப் பற்றிக் குறையில்லை. ஆனால், தட்டல் எச்சரிக்கை அடிக்கடி வருகிறதென்று உணர்கருவியையே கண்டுகொள்ளாதபடி செய்துவிட்டால், அது வீட்டில் குரைக்கும் நாயின் வாயைக் கட்டிவிட்டுத் தூங்குவதற்கு ஒப்பாகும். கூடுதல் அழுத்தத்துக்கு ரோன் 97 தேவையென்றால் அதையே நிரப்ப வேண்டும். திறனுக்குப் பணம் செலவழித்துவிட்டுப் பெட்ரோலில் மிச்சம் பிடிப்பது பொருந்தாது.

ஐந்தாவது, இக்காலத்துச் சிறிய டர்போ எஞ்சின்களில் இன்னொரு வகைத் தட்டல் உண்டு. குறைந்த சுற்றில் மிகுந்த பளு ஏற்றும்போது, சிலிண்டரில் ஒதுங்கிய எண்ணெய்த் துளி போன்றவற்றால், பிளக் பொறி தருவதற்கு முன்பே கலவை பற்றிக்கொள்கிறது. அந்த அடி மிகக் கடுமையானது. ஒரே அடியில்கூடப் பிஸ்டன் உடையலாம். உணர்கருவி கேட்டாலும் அடி விழுந்த பிறகே கேட்கும். இங்கே கண்டுபிடிப்பதைவிடத் தடுப்பதே வழி. கையேட்டில் சொன்ன எண்ணெயை ஊற்றுங்கள். அமெரிக்கப் பெட்ரோலியக் கழகம் இதைக் கருத்தில் கொண்டே 2018இலும் 2020இலும் எண்ணெய்த் தரங்களைப் புதுப்பித்தது. குனோங் ஜெராய் போன்ற மலைச்சாலையில் ஏறும்போது உயர்ந்த கியரில் முக்கவிடாமல், கியரைக் குறைத்து ஏறுங்கள்.

ஒரு குறிப்பையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். தோட்டத்து லோரிகளிலும் டிராக்டர்களிலும் உள்ள டீசல் எஞ்சின் ‘கடகட’ என்று தட்டுவது ஓரளவு அதன் இயல்பு. டீசலில் பிளக் பொறி கிடையாது. எரிபொருள் தானாகப் பற்றிக்கொள்வதுதான் அதன் முறை. ஆகவே இன்று சொன்னதைப் பெட்ரோல் எஞ்சினோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

நேயர்களே, இந்தக் கலையின் சாரம் மூன்றே கேள்விகளில் அடங்கும். எந்தச் சுரம்? எந்த நேரம்? வழக்கத்தைவிட எவ்வளவு? இம்மூன்றும் தெரிந்தால் எத்தனை பெரிய இரைச்சலிலும் சிறிய எச்சரிக்கை காதில் விழும். தெரியாவிட்டால், எவ்வளவு கூர்மையான காதும் ஏமாறும். உங்கள் காரிலுள்ள அந்தச் சிறு கருவி ஒவ்வொரு விநாடியும் இம்மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொண்டிருக்கிறது. எச்சரிக்கை விளக்கு எரிந்தால், ‘ஓசை ஒன்றும் கேட்கவில்லையே’ என்று அலட்சியமாக இருந்துவிடாதீர்கள். நமக்குக் கேட்காததைக் கேட்பதற்காகத்தான் அது அங்கே வைக்கப்பட்டிருக்கிறது.